மாவலி கங்கை கடலில் சேரும் பக்கம்: எந்த மாதம் வந்தால் எது கிடைக்கும்?

கங்குவேலிப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பில் இருக்கிறேன், அம்மாவின் ஊர் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்துக் கங்குவேலி. 1985 இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். அதற்குப் பிறகு கலியாணம், செத்தவீடு என்று ஒரு நாள், இரண்டு நாள் வந்து போனதோடு சரி. இப்போது 76 வயது. போன கிழமை பிள்ளைகளுக்குச் சோறு குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், "கங்கை வத்தின நேரம் மணலில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டறியாத பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டு அதன் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

பத்து நாள் லீவு எடுக்கலாம். அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், என்னென்ன சாப்பிட ஆசை, எதைப் பார்க்க ஆசை என்று. புதிர்ச்சோறு (புது நெல்லின் முதல் சோறு), சட்டித் தயிர், பாலைப்பழம், ஆடிக்கூழ், பனங்காய்ப் பணியாரம், வெருகல் திருவிழா. இதைத்தான் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் சேர்த்துக் காட்ட வழி இருக்கிறதா? தைப்பொங்கலுக்குப் போனால் எல்லாம் கிடைக்கும் என்று மனைவி சொல்கிறார். ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமத்து வெளி

தம்பி, தைப்பொங்கலுக்கு வரவேண்டாம். அந்த நேரம் எங்கள் பக்கம் வயல் வெட்டி இருக்காது. ஐப்பசி மழையைப் பார்த்துத்தான் விதைக்கிறோம், சிலர் கார்த்திகை வரை இழுப்பார்கள். மூன்றரை மாத நெல் என்றாலும் மாசிக்குத்தான் அறுவடை. தை முதலாம் தேதி பெரும்பாலான வீடுகளில் பொங்குவது போன போகத்து அரிசி. கதிர் அப்போதுதான் தலை சாய்க்கத் தொடங்கும்.

புதிர் எடுப்பது தைப்பூசத்தன்று. அம்மா கேட்டது அதைத்தான். எங்கள் அப்பா விடிய முழுகி, வேட்டி கட்டிக்கொண்டு, தாக்கத்தியோடு வயலுக்குப் போவார். கிழக்கே பார்த்து நின்று ஒரு பிடி கதிர் அறுத்து வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வருவார். வழியில் யார் மறித்தாலும் நின்று கதைக்க மாட்டார். அம்மா வாசலில் செம்புத் தண்ணீரோடு நிற்பா. கதிரைச் சாமி அறையில் வைத்துக் கும்பிட்டு, அதில் கொஞ்சத்தைக் கையாலேயே கசக்கி உமி ஊதினால் உள்ளங்கை நிறையக்கூட வராது, அந்தப் பச்சை கலந்த அரிசியைப் பழைய அரிசியோடு போட்டுச் சமைப்பா. பால், வாழைப்பழம், சீனி போட்டுக் குழைத்து ஆளுக்கு ஓர் உருண்டை. மிச்சக் கதிரை வீட்டு வளையில் (கூரை மரத்தில்) கட்டிவிடுவோம், அடுத்த வருடம் வரை அங்கேயே இருக்கும். என் வீட்டில் இந்த வருடமும் செய்தோம்.

அதனால் தைப்பூசம் என்றால் புதிர். ஆனால் பனங்காய் அப்போது இல்லை, பாலைப்பழமும் இல்லை. பனங்கிழங்கு கிடைக்கும்.

உவர்மலைவாசி

நல்ல இழை. திருகோணமலை டவுனில் இருக்கிற நானும் ஒன்று சொல்கிறேன். மாசி என்றால் சிவராத்திரி. அதற்குப் பிறகு திருக்கோணேஸ்வரத்துச் சிவன், எங்கள் கோணேசர், மலையை விட்டு இறங்கி ஐந்து நாள் நகர்வலம் வருவார். வீட்டுக்கு வீடு வாசலில் கும்பம் வைத்து, கோலம் போட்டு, சாமம் என்றாலும் சின்னப் பிள்ளைகளை எழுப்பி வைத்துக்கொண்டு நிற்போம். 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட பழைய திருமேனிகள் அந்தக் கோவிலில் இருப்பதை நினைத்துக்கொண்டு அந்த ஊர்வலத்தைப் பார்க்கிறவர்களுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும். வயதான ஆட்களுக்கு மலையேறாமலே கோணேசரைக் கும்பிடக் கிடைக்கிற நாள் அது. அம்மாவுக்கு அதையும் யோசியுங்கள்.

ஆனால் தம்பலகாமத்து அண்ணாவுக்கு ஒரு சொல். இழையின் தலைப்பு மாவலி. தம்பலகாமம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற வெளி. மாவலிக் கணக்கில் அதைச் சேர்ப்பது சரியா?

தம்பலகாமத்து வெளி

சரிதான், நன்றாகச் சரி. கந்தளாய்க் குளத்துக்குச் சொந்தமாகப் பேராறு இருக்கிறது, ஆனால் குளம் நிறைவதற்கு அது போதாது. பொல்கொல்லையில் மாவலியை மறித்து மலைக்குள்ளால் திருப்பிய வேலை 1976 இல் முடிந்தது. அந்தத் தண்ணீர் அம்பன் கங்கையில் விழுந்து, எலகெரவில் மறுபடி பிரிந்து, மின்னேரியா, கவுடுல்ல என்று குளம் குளமாக இறங்கிக் கந்தளாய்க்கு வருகிறது. ஆகவே கண்டி பக்கத்து மழை மூதூருக்கும் போகிறது, எங்கள் வாய்க்காலுக்கும் வருகிறது. ஒரே கங்கை, இரண்டு வழி.

1986 ஏப்ரல் 20 அன்று விடியப்புறம் கந்தளாய்க் கட்டு உடைந்ததே, அதற்குப் பிறகு எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் சும்மா கதைப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு கிழமை. பானையில் பலகாரம் இன்னும் இருந்தது. இப்போதும் சித்திரையில் பயற்றம் பணியாரம் சுடும்போது அம்மா முதல் பணியாரத்தை எடுத்து வெளியே வைப்பா. யாருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை.

பட்டிக்காரர் மகன்

ஸலாம், வணக்கம். நான் மூதூர். தயிர் என்று ஒரு சொல் எழுதிவிட்டு எல்லோரும் கடந்து போகிறீர்கள், அதைக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும்.

சட்டித் தயிர் வருடம் முழுக்கக் கடையில் இருக்கும். ஆனால் அம்மா நினைக்கிற தயிர் மாசி, பங்குனியில்தான். காரணம் புல். விதைப்புத் தொடங்கினால் எருமை வயல் பக்கம் இருக்க முடியாது, பட்டியோடு சாய்த்துக்கொண்டு காட்டோர மேய்ச்சல் தரைக்குப் போய்விடுவோம். வெள்ளாமை வெட்டி முடிந்ததும் திரும்ப இறக்குவோம். மாரி மழையில் வளர்ந்த புல், வெட்டின வயலில் துளிர்க்கிற தாள், கன்று போட்ட எருமை, மூன்றும் ஒன்றாக வருகிற நேரம் அது. பால் கொழுக்கும்.

வாப்பா உறை ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். விறகடுப்பில் பெரிய அலுமினியப் பானையில் பாலைக் காய்ச்சி, நுரை அடங்கும் வரை அகப்பையால் ஆற்றிக்கொண்டே இருப்பார். சின்ன விரலைப் பாலுக்குள் விட்டு மெதுவாக எண்ணுவார், பத்து வரை விரல் தாங்கினால் சூடு சரி. வெயிலில் காயவைத்த சட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உறை தடவி, உயரத்திலிருந்து ஊற்றினால் மேலே நுரை நிற்கும், அப்படி நிற்கக்கூடாது என்று சட்டி விளிம்போடு சேர்த்துச் சாய்த்து ஊற்றுவார். அப்புறம் சாக்கு மூடி விட்டுவிட்டால் விடியும் வரை அந்தப் பக்கம் ஒருவரும் நடக்கக்கூடாது, நிலம் அதிர்ந்தால் தயிர் உடையும் என்பார். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால்தான் கரண்டி போட்டால் துண்டாக வருகிறது. பிளாஸ்டிக் கோப்பையில் அது நடக்காது. விறகுப் புகை கொஞ்சம் மணக்கும். அந்த மணம் இல்லாவிட்டால் அது எங்கள் ஊர்த் தயிர் இல்லை.

இந்த வருடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மாவலி பெருகியபோது எங்கள் பட்டியில் 41 எருமை நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு 17 ஐத்தான் கண்டோம். வாப்பா மூன்று நாள் நடந்து தேடினார், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தவர். மூதூர், வெருகல் பக்கம் பட்டி வைத்திருந்த பலருக்கும் இந்தக் கதைதான். ஆகவே தயிர் வாங்கும்போது விலையைப் பார்த்து யாரும் சண்டை பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டி திரும்பக் கட்ட வருடங்கள் போகும். மேய்ச்சல் தரையும் வருடத்துக்கு வருடம் வேலி வேலியாகக் குறைந்துகொண்டு வருகிறது. அதற்கு ஒரு முடிவு வராவிட்டால் எருமை இருந்தும் பயனில்லை.

உவர்மலைவாசி

தம்பி, வாசித்துவிட்டுக் கனநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. வாப்பாவிடம் சலாம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், டவுனில் வாங்குகிற எங்களுக்கு நல்ல சட்டியை எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டிக்காரர் மகன்

சொல்கிறேன் அண்ணா. சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள், தயிர் அசையக்கூடாது. ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் கட்டி நின்றால் இரண்டு மூன்று நாள் கடந்தது. மேலே ஆடை கனமாக, கொஞ்சம் வெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டும். முக்கியமாகச் சட்டியின் வெளிப்பக்கத்தைத் தொடுங்கள், ஈரமாக இருக்கும், அது குறையல்ல, மண் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சேனையூர் மருமகள்

எல்லோரும் மாசியிலேயே நிற்கிறீர்கள். இப்போது வைகாசி, சந்தையில் பாலைப்பழம் வந்துவிட்டது. சுண்டால் அளந்து பேப்பர்ச் சுருளில் போட்டுத் தருகிறார்கள். மஞ்சள் நிறத்தில் சின்னதாக, வாயில் போட்டவுடன் தேன் மாதிரி, அப்புறம் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். நான் யாழ்ப்பாணப் பக்கம் பிறந்தவள், கலியாணம் முடித்து வந்த முதல் வருடம் ஒரு சுண்டு முழுவதையும் தின்றுவிட்டு வாய் திறக்க முடியாமல் இருந்தேன். மாமி சிரித்துக்கொண்டே தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டா. அன்றிலிருந்துதான் எனக்கும் அவவுக்கும் ஒட்டுதல் வந்தது. காட்டுக்குள் போய்ப் பறிக்கிறவர்கள் கரடியைப் பார்த்துத்தான் போக வேண்டும், அதற்கும் இந்தப் பழம் என்றால் உயிர். ஆனி கடந்தால் குறைந்துவிடும், ஆனால் வெயிலில் காயவைத்துப் போத்தலில் போட்டு வைத்தால் கனகாலம் இருக்கும். கங்குவேலிப் பேரன், அம்மாவுக்குக் காய்ந்த பாலைப்பழம் வேண்டுமென்றால் இங்கே சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன். நீங்கள் எந்த மாதம் வந்தாலும் அது இருக்கும்.

ஆடிக்கூழ் ஆடி முதல் நாள். வறுத்த பயறை அவித்து, அரிசிமாவைக் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகப் போட்டு, தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் விட்டு, ஏலமும் மிளகும் கொஞ்சம், தேங்காய்ச் சொட்டு பல்லில் கடிபட வேண்டும். பலாவிலையைக் கோலிக் குடிப்பது. சேனையூர்ப் பக்கம் சொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுவார்கள்.

தம்பலகாமத்து வெளி

மிளகு போடுவதா? எங்கள் வீட்டில் ஏலம் மட்டும்.

சேனையூர் மருமகள்

மிளகு இல்லாவிட்டால் அது பாயாசம் அண்ணா. கச்சான் காற்று அடிக்கிற மாதம், உடம்பு காய்ந்து கிடக்கும், தொண்டை கட்டும். மிளகு அதற்குத்தான்.

வெருகல் துறை

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். வெருகலைப் பற்றி ஒருவரும் ஒழுங்காக எழுதவில்லையே.

மாவலி 335 கிலோமீற்றர் ஓடி வருகிறது. முழுவதும் மூதூரில் கொட்டியாரக் குடாவுக்குள் போய்விடுவதில்லை, ஒரு கிளை பிரிந்து எங்கள் பக்கம் வருகிறது. அதுதான் வெருகல் ஆறு. கரையில் சித்திரவேலாயுதர் இருக்கிறார், முருகன் கோவில். ஆவணியில் கொடி ஏறும். அந்த மாதத்தை முன்னோர் சும்மா தெரிவு செய்யவில்லை. ஆறு வற்றி மணல் வெளியே தெரியும், சிறுபோகமும் முடிகிற நேரம், கையில் காசும் நெல்லும் இருக்கும், மாரி தொடங்க இன்னும் இடமிருக்கும். முந்தி மட்டக்களப்புப் பக்கமிருந்தும் கொட்டியாரத்திலிருந்தும் கூடார வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரம் வாடி போட்டு, திருவிழா முடியும் வரை மரக்கறிச் சோறு சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். உங்கள் அம்மா சொன்ன மணல் அடுப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும். மூன்று கல் வைத்து, காய்ந்த மருதங்கிளையை முறித்து எரித்து, பூசணிக்காயும் பருப்பும் ஒரு கறி. மணலைக் கையால் தோண்டினால் ஒரு முழத்தில் தண்ணீர் ஊறும், முதலில் கலங்கல், அதை இறைத்து விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் கண்ணாடி மாதிரி வரும். அந்தத் தண்ணீரில் வைத்த சோற்றுக்கு ஒரு ருசி இருந்தது என்று எங்கள் அம்மம்மா சாகும் வரை சொன்னா.

இப்போது பஸ்ஸிலும் வானிலும் வந்து அன்றன்றே திரும்புகிறவர்கள்தான் கூட. ஆனாலும் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானே போன வருடம் ஏழு நாள் தங்கினேன். காவடி, கற்பூரச் சட்டி, இரவில் கூத்து. வெளிக்கிடும்போது கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் ஒருவரும் போவதில்லை. மணலில் வறுத்த சூட்டோடு, தோலோடு, பையில் அள்ளிக்கொண்டு போய், வர முடியாமல் வீட்டில் கிடக்கிற கிழவன் கிழவிக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும். "வெருகல் கச்சான்" என்று சொல்லிக் கொடுத்தால் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஒரு விஷயம். ஆற்றில் முதலை உண்டு. எல்லோரும் இறங்குகிற துறையில் மட்டும் இறங்குங்கள், பொழுதுபட்டால் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம். மலைநாட்டில் மழை என்றால் இங்கே நல்ல வெயிலடித்தாலும் ஆறு திடீரென்று கலங்கி ஏறும். தண்ணீரின் நிறம் மாறினால் கரைக்கு வந்துவிடுங்கள்.

உவர்மலைவாசி

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் வெருகலில்தான் தங்கிப் போவார்கள் அல்லவா? யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து நடந்து வருகிறவர்கள். இந்த மாதம் எங்கள் தெருவால் ஒரு கூட்டம் போனது, மோர் கரைத்துக் கொடுத்தோம்.

வெருகல் துறை

ஓம், காலம் காலமாக. முருகனிலிருந்து முருகனுக்கு நடக்கிற வழி. அவர்கள் வருகிற நாளில் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் மீன் சமைக்க மாட்டார்கள், யார் வீட்டுக்கு யார் சாப்பிட வருவார் என்று தெரியாது.

மூதூர்த் தங்கச்சி

எல்லாம் வாசித்தேன், ஆசையாக இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன். எங்களுக்குப் பிறை பார்த்து மாதம், வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டு போகும், அதனால் நோன்பு எல்லாப் பருவத்திலும் வந்து போகும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாரியில் நோன்பு, வெள்ளத்துக்குள்ளால் பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருவோம். இந்த வருடம் மாசியில் தொடங்கியது, அறுவடை நேரம். வயலில் நின்றவர்கள் பேரீச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பெருநாளைக்கு வட்டிலப்பமும் தயிரும் ஒன்றாக வந்தது, அப்படி அமைகிற வருடம் அருமை. உம்மா வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி மட்டும்தான் போடுவா, கிடைக்காவிட்டால் செய்யவே மாட்டா.

பனங்காய்ப் பணியாரம் கேட்டிருந்தீர்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். விடியற்காலையில் 'தொம்' என்று சத்தம் கேட்டால் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மாடு முந்திவிடும். களியைப் பிழிந்து, தும்பு போக வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி, கசப்புப் போன பிறகுதான் மாவில் குழைக்க வேண்டும். அவசரப்பட்டால் கடைசியில் நாக்கில் கசக்கும். சுட்ட அன்று சாப்பிடாதீர்கள், அடுத்த நாள்தான் அது பணியாரம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கோவிலுக்குப் போய் வந்தால் கச்சான் தருவா, நாங்கள் பணியாரத் தட்டு கொடுத்துவிடுவோம். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்ததே கிடையாது, கடைசிக்கு ஒரு கை சீனியாவது இருக்கும்.

வருகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். முந்தி ஒவ்வொரு துறையிலும் பாதைக்கு (வாகனம் ஏற்றும் மிதவைப் படகுக்கு) காத்து நின்று ஏற வேண்டும், பாதை கரைக்கு வராவிட்டால் அன்று இரவு துறையில்தான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அப்புறம் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்துவிட்டது. அம்மா கடைசியாக அந்த வழியால் பாதையில் வந்திருப்பா என்றால் பாலத்தில் வாகனத்தை ஓரமாக நிறுத்திக் காட்டுங்கள்.

கங்குவேலிப் பேரன்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று இரவு எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். புதிர் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தம்பலகாமத்து அண்ணாவின் அம்மா முதல் பணியாரத்தை வெளியே வைப்பதைக் கேட்டுவிட்டு "அவவுக்கு நான் சுகம் கேட்டதாக எழுது" என்றார், எழுதிவிட்டேன். ஆடிக்கூழுக்கு மிளகு வேண்டும் என்பதுதான் அவர் கட்சியும்.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியாது என்பது விளங்கிவிட்டது. ஆவணியில் வருகிறோம். வெருகல் கொடியேற்றத் தேதி வந்தவுடன் லீவு போடுகிறேன். தைப்பூசத்துக்கு இன்னொரு முறை, அம்மாவின் உடம்பு இடம் கொடுத்தால். சேனையூர் அக்கா, காய்ந்த பாலைப்பழம் இரண்டு சுண்டு எடுத்து வையுங்கள். தயிர் ஆவணியில் கொஞ்சம் இளக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, மூதூர்த் தம்பியிடம் நேரே வந்து வாங்குகிறோம், வாப்பாவையும் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். 1985 க்கு முந்தி எங்கள் வீட்டுக்குத் தயிர் கொண்டுவந்தவர் மூதூரிலிருந்துதான் வருவாராம், சைக்கிளின் பின்பக்கம் மரப்பெட்டி, பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் சட்டி. பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. சட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ஐம்பது சதம் குறைப்பாராம்.

பட்டிக்காரர் மகன்

அண்ணா, இதை வாப்பாவுக்கு இப்போதே வாசித்துக் காட்டினேன். கங்குவேலிப் பக்கம் சைக்கிளில் போனது அவருடைய மூத்த நானாவாம் (அண்ணன்). பெட்டி இன்னும் வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது, கோழி அடைகாக்கிறது. வாருங்கள்.